நந்தம்பாக்கம் மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு: அறையும் வழியும்

அக்டோபர் 12

மாநாடு டிசம்பர் 12, 13. இடம் நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையம். பயண நாளை விட்டுவிட்டு 60 நாள் முன்பாக ரயில் முன்பதிவு திறக்கும். அதனால் டிசம்பர் 11ஆம் தேதி கிளம்புகிறவர்களுக்கு இன்று காலை 8 மணியே முதல் வாய்ப்பு. டிசம்பர் 13 இரவு ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு அக்டோபர் 14 காலை உட்காருங்கள். போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்புவதைப் பிறகு பார்க்கலாம் என்று விடுகிறவர்கள்தான் கடைசியில் தட்கலுக்கு அல்லாடுகிறார்கள்.

தெற்கேயிருந்து வருபவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். கடற்கரை மின்சார ரயிலில் ஏழாவது நிறுத்தம் பரங்கிமலை. அங்கிருந்து ஆட்டோவில் வர்த்தக மையம் பக்கம்தான். எழும்பூர் போய் இறங்கினால் வந்த வழியிலேயே திரும்பி வர வேண்டியிருக்கும்.

அக்டோபர் 19

அறை எங்கே எடுப்பது என்றுதான் நிறையப் பேர் கேட்கிறார்கள். வரைபடத்தில் மணப்பாக்கமும் ராமாபுரமும் பக்கத்தில் தெரியும். அதை நம்பி எடுக்காதீர்கள். அங்கிருந்து வர மவுண்ட்-பூந்தமல்லி சாலை ஒன்றுதான் வழி. இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்துச் சாலையைச் சுருக்கியிருக்கிறார்கள். காலை எட்டரைக்கு மேல் மூன்று கிலோமீட்டர் என்பது சும்மா பேச்சுக்குத்தான்.

கிலோமீட்டரைப் பார்க்காமல் மெட்ரோவைப் பாருங்கள். வர்த்தக மையத்துக்குப் போக இறங்க வேண்டிய ஆலந்தூரில் நீலத் தடமும் பச்சைத் தடமும் சேர்கின்றன. கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், வடபழனி, எதில் தங்கினாலும் மாறாமல் ஆலந்தூர் வந்துவிடலாம். செலவைக் குறைக்க வேண்டுமா, எழும்பூர் கென்னட் லேன் லாட்ஜுகள் இருக்கின்றன. பச்சைத் தடத்தில் ஒரே ரயில், கொஞ்சம் சுற்று. கிண்டி வரை மின்சார ரயிலில் வந்தால் இன்னும் மலிவு.

ஒன்றைக் கவனியுங்கள். கார்த்திகை முடியும்வரை முகூர்த்த நாட்கள் உண்டு. கல்யாண மண்டபங்களைச் சுற்றியுள்ள அறைகளைக் கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். மார்கழி பிறந்தால் கல்யாணக் கூட்டம் ஓயும், ஆனால் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் கச்சேரிக் கூட்டம் வந்துவிடும். மாநாடு முடிந்து சில நாள் தங்கிப் பாட்டுக் கேட்க நினைப்பவர்கள் அந்த அறையையும் இப்போதே பேசிவிடுங்கள்.

நவம்பர் 2

அறைக்குப் போன் செய்யும்போது இரண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கள்.

"செக்-அவுட் பகல் 12 மணியா, 24 மணி நேரமா?" விடியற்காலை 5 மணிக்கு வந்து இறங்குகிறவருக்கு 24 மணி நேரக் கணக்கு உள்ள லாட்ஜ்தான் லாபம். 12 மணிக் கணக்கு என்றால் அந்த ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கேட்பார்கள்.

"சொன்ன தொகை ஜிஎஸ்டி சேர்த்தா?" நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறை 8,968 ஆகும். வாடகையில் 200 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,198 ரூபாய். பெங்களூர், ஹைதராபாத் நிறுவனங்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: தங்கும் பில்லில் தமிழ்நாட்டு வரிதான் இருக்கும். இங்கே ஜிஎஸ்டி பதிவு இல்லாவிட்டால் அந்த வரியை உங்கள் கணக்கில் கழிக்க முடியாது.

பான் கார்டை மட்டும் எடுத்து வராதீர்கள். அதில் முகவரி இல்லை, பல விடுதிகளில் ஏற்க மாட்டார்கள்.

நவம்பர் 16

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள்: விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் விடுதி அவர் விவரத்தை அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவு இல்லாத சின்ன லாட்ஜுகள், ஆன்லைனில் பணம் கட்டியிருந்தாலும் வாசலிலேயே கையை விரித்துவிடும். "வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுப்பீர்களா?" என்று எழுத்தில் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

நவம்பர் 30

விமானத்தில் வருபவர்கள்: டி1, டி4 முனையங்கள் உள்நாடு, டி2 பன்னாடு. மெட்ரோ நிலையத்துக்கு நடந்தே போகலாம். மூன்றாவது நிறுத்தம் ஆலந்தூர். செல்போனில் க்யூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. இரவு 11 மணியோடு மெட்ரோ முடிந்துவிடும். அதற்குப் பிறகு இறங்குகிறவர்கள் செயலி டாக்சிக்கு முனைய வாசலில் காத்திருக்க வேண்டாம், வண்டி ஏறுமிடம் பல அடுக்கு கார் நிறுத்தத்தில்.

பஸ்ஸில் வருபவர்கள்: மதுரை, திருச்சி, நெல்லை வண்டிகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. கோயம்பேடு என்ற பழைய நினைப்பில் அறை எடுக்காதீர்கள். கிளாம்பாக்கத்திலிருந்து கிண்டி பக்கம் போகும் மாநகரப் பேருந்தில் ஏறி, கத்திப்பாராவில் மாறுங்கள். பூந்தமல்லி போகும் 54 நந்தம்பாக்கம் வழியாகத்தான் போகும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வெளியூர்க்காரர்களுக்கும் அப்படித்தான்.

டிசம்பர் 6

மழை. நந்தம்பாக்கத்துக்கும் மணப்பாக்கத்துக்கும் நடுவே அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பரில் அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று விமான நிலையத்தை மூடினார்கள். பரங்கிமலை மெட்ரோ வாசலில் நாலடித் தண்ணீர் நின்றது, ஆலந்தூரில் போய் ஏறச் சொன்னார்கள். ஆலந்தூரை இத்தனை தடவை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தரைத்தள அறை வேண்டாம். 11ஆம் தேதி மாலைக்குள் வந்துவிடுங்கள், 12 காலை விமானத்தை நம்பாதீர்கள்.

டிசம்பர் 10

காலைப் பதிவுக்கு ஆலந்தூரில் 7.45க்கு இறங்குங்கள். அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் எட்டரைக்கு ஆட்டோ கிடைப்பதே பாடு. மூன்று பேராகச் சேர்ந்து ஒரு வண்டி பிடியுங்கள். செயலியில் 'வர்த்தக மையம்' என்று போட்டு, எந்த வாயில் என்பதை அழைப்பிதழ் பார்த்துச் சொல்லுங்கள். வளாகம் பெரியது, தப்பான வாயிலில் இறங்கினால் நடைதான்.

டிசம்பர் 11

13ஆம் தேதி அறையைப் பகலில் காலி செய்துவிட்டு, பெட்டியை விடுதி வரவேற்பிலேயே வைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயிலில் டிக்கெட் உள்ளவர்கள், அந்த வண்டி தாம்பரத்தில் நிற்குமென்றால், ஏறுமிடத்தை இன்றே ஐஆர்சிடிசியில் தாம்பரம் என்று மாற்றுங்கள். ரயில் புறப்படும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது, கடைசி நேரம் வரை விடாதீர்கள். மாற்றிவிட்டால் எழும்பூரில் ஏற உரிமை கிடையாது. பரங்கிமலையிலிருந்து தாம்பரம் போக ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், நடுவில் சாப்பிடவும் நேரம் இருக்கும்.