24 மணி நேர பிரஷர் டெஸ்ட்: முதல் தடவை வீணாய்ப் போன கதை

டாக்டர் அறையில் எனக்கு பிரஷர் 158/98, வீட்டில் 128/80. பதற்றத்தில் அட்ரினலின் ஏறினால் ரத்தக் குழாய் சுருங்கும், துடிப்பும் கூடும்; சிலருக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே அப்படித்தான். அதைத் தெளிவாக்கத்தான், கையில் பட்டை கட்டி நாள் முழுக்கக் கருவியே பிரஷரை அளக்கும் 24 மணி நேர டெஸ்ட். ஆனால் முதல் தடவை ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர், "இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது" என்றுவிட்டார்.

முதல் கோளாறு கைப்பட்டை. கையின் சுற்றளவு 35 செ.மீ.; லேபில் கட்டியதோ நடுத்தர அளவு. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதுதான் சார்." பட்டை சிறிதானால் பிரஷர் கூடுதலாகவே காட்டும். எத்தனை செ.மீ. கைக்கு என்று பட்டையிலேயே அச்சிட்டிருக்கும். கட்டும் முன் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது, கருவியோடு பைக் ஓட்டியது. பகலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பட்டை இறுகும்; அந்த நேரம் கை ஆடினால் அளவு தவறும், கருவி மறுபடி இறுக்கும். குறைந்தது 70 சதவீத அளவுகளாவது தேற வேண்டும். தேறியது 58 சதவீதம். இறுகத் தொடங்கியதும் நின்று, கையைத் தளரத் தொங்கவிட்டு, பேசாமல் இருந்தால் போதும்.

மூன்றாவதுதான் எரிச்சல். தூங்கிய, எழுந்த நேரம் எழுதும் தாளை லேபில் தரவே இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை தூக்கம் என்று அவர்களாகவே போட்டுவிட்டார்கள். படுத்ததோ 1 மணிக்கு. தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இதயத்துக்கு ஆபத்து அதிகம். விழித்திருந்த 3 மணி நேரத்தையும் தூக்கத்தில் சேர்த்ததால் அந்தக் கணக்கே பாழ்.

இரண்டாம் தடவை பெரிய பட்டை, லீவு போடாமல் வழக்கமான வேலை நாள், பஸ் பயணம், கையில் ஒரு நோட்டு. குளியல் மட்டும் கிடையாது. 24 மணி நேர சராசரி 124/76, 130/80-க்குக் கீழே. அப்பாடா! மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், வருடம் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். நோட்டில் "11.20, மேனேஜரோடு மீட்டிங்" என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் 152/94.

இதற்கு நேர்மாறாக, டாக்டரிடம் நார்மல், ஆபீஸில் மட்டும் ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் ஆபத்து கூட; சாதாரண செக்கப்பில் அது சிக்காது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்ட்டுக்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.