பல்லில் பதிந்த வழித்தடம்

பனியுகத்தில் வாழ்ந்து அழிந்த யானையினமான மாமத்து ஒன்றின் எலும்பு கிடைத்த இடத்தை வைத்து, அது செத்த இடத்தைத்தான் ஊகிக்க முடியும். எங்கெல்லாம் மேய்ந்தது என்று தெரிய வேண்டுமானால் பல்லில் இருக்கும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தைப் பார்க்க வேண்டும்.

ருபிடியம்-87 மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அதனால் பழைய கிரானைட்டில் ஸ்ட்ரான்சியம்-87க்கும் ஸ்ட்ரான்சியம்-86க்கும் உள்ள விகிதம் 0.710-ஐத் தாண்டும், இளம் எரிமலைப் பாறையில் 0.704-ஐ ஒட்டி நிற்கும். ஸ்ட்ரான்சியம் பாறையிலிருந்து மண்ணுக்கும், செடிக்கும், கடைசியில் பல்லுக்கும் வந்து கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மாதிரிக்குப் பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலை மட்டும் எடுங்கள். உள்ளே இருக்கும் டென்டைன் நுண்துளைகள் நிறைந்தது. புதைந்த பிறகு நிலத்தடி நீரின் ஸ்ட்ரான்சியத்தை உறிஞ்சிவிடும். அதை அளந்தால் நெடுந்தூரம் நடந்த விலங்குகூட உள்ளூர் விலங்காகத் தெரியும். வைர முனையால் மேல்தோலைச் சுரண்டித் தள்ளிவிட்டு, உச்சியிலிருந்து வேர் வரை குறுக்குக் கோடுகளாகச் சில மில்லிகிராம் தூள் எடுங்கள். முனை திடீரென்று இலகுவாக இறங்கினால் டென்டைனைத் தொட்டுவிட்டீர்கள். அந்தத் தூளைச் சேர்க்காதீர்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கழுவிய பிறகே கரையுங்கள்.

தூளைக் கரைக்காமல் லேசரால் பல்லை நேரடியாகச் சுட்டு அளப்பது வேகமானதுதான். ஆனால் கால்சியம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் சேர்ந்த மூலக்கூறுக்கும் நிறை 87 என்பதால் விகிதம் பொய்யாக ஏறும். சில புள்ளிகளையாவது கரைசல் முறையில் சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

பல்லில் அளந்த விகிதத்தை ஒப்பிட வேண்டியது பாறையோடு அல்ல. அந்தந்த இடத்துச் செடிகளோடும் எலிப் பற்களோடும்தான். சுண்ணாம்பு இட்ட வயல்களைத் தவிர்க்கவும், விகிதம் மாறியிருக்கும்.

1999-இல் வெளியான ஃபுளோரிடா ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே கிடைத்த மாஸ்டோடான் (அழிந்துபோன இன்னொரு யானை போன்ற விலங்கு) பற்களில், ஃபுளோரிடாவின் சுண்ணாம்புத் தரையில் கிடைக்காத உயர்ந்த விகிதம் இருந்தது. அவை வடக்கே ஜார்ஜியா வரை போய் வந்திருக்கின்றன. அதே நிலத்து மாமத்துகள் அவ்வளவு தூரம் போகவில்லை.

தந்தம் முழுக்க டென்டைன்தான். ஆனாலும் அலாஸ்காவின் உறைநிலம் ஒரு தந்தத்தைக் கெடாமல் காத்திருந்தது. சுமார் 17,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆண் மாமத்து அது, வயது 28. அலாஸ்காவின் பெரும்பகுதியைச் சுற்றிய அந்த விலங்கு, கடைசி ஒன்றரை ஆண்டை வடக்கே ஒரு சிறு வட்டத்துக்குள் கழித்திருக்கிறது. தந்தத்தின் இறுதி அடுக்குகளில் நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன்-15 ஏறுகிறது. அது பட்டினியின் தடயம்.