மதுரையை விடப் பக்கத்தில் யாழ்ப்பாணம்

நண்பனின் தங்கைக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம். கொழும்பு டிக்கெட் விலை குறைவாகத் தெரிந்ததால் முதலில் அதைத்தான் போடப் பார்த்தேன். நல்லவேளை, மேப்பைத் திறந்தேன். சென்னையிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 640 கிலோமீட்டர். அங்கே இறங்கி, வந்த திசைக்கே திரும்பி, இன்னொரு 400 கிலோமீட்டர் பஸ்ஸிலோ ரயிலிலோ வர வேண்டும். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேராகப் போனால் மொத்தமே 355தான். மதுரைக்குக்கூட வான்வழியில் 410-க்கு மேல் வருகிறது!

சரி, அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று பார்த்தால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருந்தது. கொழும்புக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பலாலி ஓடுபாதை நீளம் குறைவு. அதனால் எழுபது, எண்பது பேர் உட்காரும் ஏடிஆர் விமானம்தான் போகிறது. இறக்கையில் விசிறி சுற்றுமே, அந்த ரகம். மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் பறக்கும். அதோடு, டிக்கெட்டில் இருக்கும் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் சேர்த்தி.

இந்தியர்களுக்கு ஈடிஏ என்கிற பயண அனுமதி வேண்டும். ஆன்லைனிலேயே எடுத்துவிட்டேன். பெரம்பூரிலிருந்து காலை பத்தேகாலுக்குக் கிளம்பினேன். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். மதியம் இரண்டரைக்கு விமானம்.

ஏணிப்படி அருகே, மேலே வைக்க இடம் போதாது என்று என் கைப்பையை வாங்கிக்கொண்டார்கள். நானும் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். ஈடிஏ பிரிண்ட், தங்குமிட முகவரி எல்லாம் அதற்குள்! ஜன்னலோரம் உட்கார்ந்து வலப்பக்கம் கடற்கரைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பை கைக்கு வருவதற்கு முன்பே குடிவரவுக் கவுண்டர் வருமே.

பலாலியில் அதிகாரி பாஸ்போர்ட் எண்ணைத் தட்டியதும் அனுமதி திரையில் வந்துவிட்டது. முகவரிதான் கேட்டார். "யாழ்ப்பாணம்" என்றேன். "யாழ்ப்பாணத்தில எந்த இடம்?" என்றார் தமிழிலேயே. நண்பன் எப்போதோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தேடி எடுத்துக் காட்டினேன். நெட் இல்லாமலும் பழைய செய்தி திறந்தது. நீங்கள் போனால் முகவரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தில் கை வைக்கத் தேவையில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். ஆட்டோ பிடித்து டவுனுக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தேகால்.

வாசலிலேயே நண்பனின் அம்மா கேட்டார். "களைச்சுப் போனியளோ தம்பி? பிளேனில எத்தினை மணித்தியாலம்?"

"ஒன்றேகால் மணி நேரம்மா" என்றேன், ஏழு மணி நேரமாக வேர்த்த சட்டையோடு.