செஸ்னா 172: கையும் தாளும் பழகிய விதம்

கணினி சிமுலேட்டரில், செஸ்னா 172 என்ற சிறிய ஒற்றை இன்ஜின் விமானத்தைக் கிளப்ப இப்போது எனக்குத் தாள் தேவைப்படுவதில்லை. ஆனாலும் சரிபார்க்க வேண்டியதை வரிசையாக எழுதிய செக்லிஸ்ட்டை எடுத்து மேசையில் வைக்காமல் கிளப்புவதில்லை. சிமுலேட்டர்தானே, விழுந்தால் மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாமே, இதற்கு எதற்கு இத்தனை ஆசாரம் என்று கேட்பவர்கள் உண்டு. கீபோர்டில் கண்ட்ரோலையும் E-யையும் சேர்த்து அமுக்கினால் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் தானாகவே இன்ஜினை ஓட்டிவிடும். விமானமும் பறக்கும். ஓட்டுகிறவனுக்கு மட்டும் ஒன்றும் தெரிந்திருக்காது.

என் தடம் எப்போதும் ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் 14-ஆம் எண் ஓடுபாதையில் ஏறினால் விமானத்தின் மூக்கு நேராக நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பார்த்து நிற்கும். கரையை இடது பக்கம் வைத்துக்கொண்டு விழிஞ்ஞம், குளச்சல், முட்டம், மணக்குடி என்று போனால், 110 நாட் (மணிக்குச் சுமார் 200 கி.மீ.) வேகத்தில் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கன்னியாகுமரி. வழி தேடும் வேலை இல்லை என்பதால் கவனம் முழுவதையும் காக்பிட்டுக்குள் வைக்கலாம்.

பட்டியலை வரிவரியாக உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரிதான் அது. நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கை போகும் பாதையைப் பழகினேன். விமானிகள் இதை ஃப்ளோ என்பார்கள். 172-இல் என் கை கீழே தரையோரம் இருக்கும், எந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று தேர்வு செய்யும் ஃப்யூவல் செலக்டரில் தொடங்கும். அங்கிருந்து மேலே வந்தால் காற்றோடு சேரும் பெட்ரோலின் அளவை மாற்றும் சிவப்புக் குமிழ் மிக்ஸ்சர், அதற்கு இடப்பக்கம் இன்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கறுப்புக் குமிழ் த்ராட்டில். பிறகு இடது பக்கமாகவே நகர்ந்தால் வரிசையாக ஸ்விட்ச்சுகள், மின்சாரத்துக்கான சிவப்பு மாஸ்டர் ஸ்விட்ச், கடைசியில் சாவி. மவுஸில்தான் செய்கிறேன் என்றாலும் கண் அந்தப் பாதையில்தான் ஓடும். முடிந்த பிறகே தாள். கை செய்து முடித்ததைத் தாள் சரிபார்க்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

காரணம் தெரிந்தால் வரிசையும் மறக்காது. நான் ஓட்டும் 172எஸ் வகையில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோல் நேராக இன்ஜெக்‌ஷனில் போகிறது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது த்ராட்டிலைக் கால் அங்குலம் தள்ளி, ஃப்யூவல் பம்ப்பைப் போட்டு, மிக்ஸ்சரை முழுக்க உள்ளே தள்ள வேண்டும். 3 முதல் 5 வினாடிக்குள் பெட்ரோல் ஓடும் அளவைக் காட்டும் முள் எழுந்து நிலைக்கும். உடனே மிக்ஸ்சரை மறுபடி முழுக்க வெளியே இழுத்துவிட வேண்டும். தள்ளியதை ஏன் இழுக்கிறோம் என்பதுதான் முதலில் குழப்பும். பெட்ரோல் ஏற்கெனவே குழாய்களில் வந்து நிற்கிறது. இன்னும் விட்டால் இன்ஜின் நனைந்துபோகும். சாவியைத் திருப்பி இன்ஜின் பிடித்துக்கொண்டதும் மிக்ஸ்சரை மெல்ல உள்ளே தள்ளினால் போதும். இன்ஜின் சூடாக இருந்தால் முதலில் பெட்ரோல் ஏற்றும் அந்தக் கட்டமே வேண்டாம். இது புரிந்த அன்றே அந்த நாலு வரிகளை மனப்பாடம் செய்யும் தேவை போய்விட்டது.

தாளை வாசிக்கிற வேலை அக்கா மகளுடையது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கெடுபிடியாக வாசிப்பாள். "ஃப்யூவல் செலக்டர்?" என்பாள். "போத்", அதாவது இரண்டு தொட்டியும், என்று சொன்னால்தான் அடுத்த வரிக்குப் போவாள். பறக்கும் முன் இன்ஜினை வேகமாக ஓட்டிச் சோதிக்கும் ரன்-அப்பில் "ஆச்சு" என்று சொன்னால் விடமாட்டாள்.

"ஆச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்? முள்ளு எங்க நிக்குன்னு சொல்லுங்க மாமா."

நாசாவுக்காக 1990-இல் காக்பிட் செக்லிஸ்ட்டுகளை ஆராய்ந்த டெகானியும் வீனரும் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்: வெறும் 'செட்' என்று பதில் சொல்லாமல், கண் பார்க்கும் அளவைச் சொல்ல வேண்டும். அதனால் இப்போது நிமிடத்துக்கு 1800 சுற்றில் (ஆர்பிஎம்) நிறுத்தி, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் சாவியை வலதுக்குத் திருப்பி எத்தனை குறைந்தது, இடதுக்குத் திருப்பி எத்தனை குறைந்தது என்று எண்ணாகவே சொல்கிறேன். எந்தப் பக்கமும் 150-க்கு மேல் குறையக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது.

வீட்டில் பறப்பவனுக்குப் பெரிய ஆபத்து நடுவில் கூப்பிடுவது. கேஸ் சிலிண்டர் வரும், போன் வரும், கரண்ட் போகும். 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255 விமானம், ஏறும்போது இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறக்க வேண்டிய ஃப்ளாப்பை இறக்காமலே ஓடி ஏற முயன்று விழுந்தது. விமானத்தில் இருந்தவர்களில் ஒரு சிறுமி மட்டுமே பிழைத்தாள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போது வாசிக்க வேண்டிய டாக்ஸி செக்லிஸ்ட்டை வாசிக்கவே இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. ஓடுபாதை மாறியதும் வழியில் ஒரு திருப்பம் தவறியதும் நடுவில் புகுந்திருந்தன. ஃப்ளாப் இறக்கவில்லை என்று குரல் கொடுக்க வேண்டிய எச்சரிக்கைக் கருவிக்கும் மின்சாரம் வரவில்லை. அதைப் படித்த பிறகு லேமினேட் செய்த தாளின் ஓரத்தில் ஒரு துணி கிளிப்பை மாட்டினேன். ஒரு வரி முடிந்தால் கிளிப் ஒரு வரி கீழே இறங்கும். எழுந்து போய்த் திரும்பி வந்தால், கிளிப் எங்கே இருந்தாலும் அந்தப் பகுதியின் முதல் வரிக்கே போய்விட வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட சட்டம்.

தாளே உதவாத இடமும் இருக்கிறது. 2009-இல் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தில், இரண்டு இன்ஜினும் போனபோது எடுத்த பட்டியல் உயரத்தில் பறக்கும்போது பயன்படுவதற்காக எழுதப்பட்டது. துணை விமானி ஸ்கைல்ஸால் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்ட முடிந்தது. கேப்டன் சல்லன்பெர்கர், மின்சாரம் தரும் துணை இன்ஜினான ஏபியுவைப் பட்டியல் வரிசைக்குக் காத்திராமல் முதலிலேயே போட்டுவிட்டார்.

எனவே இன்ஜின் நின்றால் செய்ய வேண்டியதை மட்டும் உருப்போட்டே தீர வேண்டும். முதலில் 68 நாட். வேறெதைத் தொடும் முன்பும் மூக்கைச் சரிசெய்து அந்த வேகத்தைப் பிடிக்க வேண்டும். 172 அதிக தூரம் மிதந்து போவது அதில்தான். பிறகு பெட்ரோலை அடைக்கும் ஃப்யூவல் ஷட்-ஆஃப் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, செலக்டர், பம்ப், மிக்ஸ்சர், சாவி. இதிலும் கை கீழிருந்து மேலே, மேலிருந்து இடதுக்குப் போகும் ஏறக்குறைய அதே பாதைதான்.

பரீட்சை வைப்பவளும் அக்கா மகள்தான். குளச்சல் தாண்டியதும் நான் வெளியே பார்க்கும் நேரமாகப் பார்த்து ஏதோ ஒன்றை அணைத்துவிடுவாள். ஒரு நாள் மிக்ஸ்சர், ஒரு நாள் செலக்டர், ஒரு நாள் சாவி. எது என்று சொல்லமாட்டாள். தேடாமல், பாதையில் மட்டும் கையை ஓட்டினால் அது வழியில் அகப்படும். அகப்படாவிட்டால் இறங்க இடம் பார்க்க வேண்டும். 1000 அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை நாட்டிகல் மைல் மிதக்கலாம் என்பது என் கணக்கு. 3000 அடியில் முட்டத்துக்கு மேலே இருந்தால் பக்கத்தில் உள்ள கடற்கரை மணலை நோக்கித் திரும்புவேன். உள்ளே திரும்பினால் தென்னையும் குளமும் வீடும்தான். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் வேறு.

அடுத்து ஏர்பஸ் ஏ320-க்குத் தாள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் கை தலைக்கு மேலே உள்ள பலகையில் தொடங்க வேண்டும், பழகிய பாதை தலைகீழாகிறது. இன்னும் லேமினேட் செய்யவில்லை. அடித்துத் திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது. அவளுக்கு அரையாண்டுத் தேர்வு முடியட்டும்.