சகாதேவனுக்கு 6 மாதம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவனுக்குக் கூத்து ஆடத் தெரியாவிட்டால் அது ஒரு குறைதான் என்பார் எங்கள் அப்பப்பா. 28 வயது வரைக்கும் அந்தக் குறையோடுதான் இருந்தேன். டவுனில் வேலை, வாவியைக் கடந்து போய் வருவதிலேயே பொழுது சரி. போன வருடம் ஊரில் வடமோடி என்ற கூத்து வகையைப் பழக்கப் போகிறார்கள் என்றதும் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுத்தார்கள். குரலையும் ஆளையும் பார்த்து யாருக்கு எந்தப் பாத்திரம் என்று கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தீர்மானித்து, அவரவர் பாட்டைக் கையில் கொடுப்பதுதான் அது. பாரதக் கதை. அருச்சுனனை எதிர்பார்த்துப் போன எனக்குக் கிடைத்தது சகாதேவன். மொத்தம் 8 பாட்டு. (சகாதேவனுக்குச் சாத்திரம் தெரியும், நான் படப்போகும் பாடு அவருக்கும் தெரிந்திருக்காது.)

எட்டுத்தானே என்று அண்ணாவியார் பாடியதைப் போனில் பதிந்து, பஸ்ஸில் கேட்டுக் கேட்டு ஒரு கிழமையில் பாடமாக்கினேன். மத்தளம் அடித்ததும் எல்லாம் போச்சு. ஆடி வந்து மூச்சிரைக்க நாமே பாட வேண்டும். பக்கப்பாட்டுக்காரர் அதை ஏற்றுப் பாடும்போது மறுபடி ஆட வேண்டும். ஆடும் இடம் வட்டக்களரி, வட்டமான களம் என்பதால் சுற்றிவரச் சனம், ஒளிய ஒரு பக்கமும் இல்லை. என் காலுக்கும் வாய்க்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

"போன வச்சிட்டு வா மனே. முதல்ல கால் படிக்கட்டும்" என்றார் அண்ணாவியார்.

அப்புறம் இரண்டு மாதம் பாட்டே இல்லை. நாலடி, எட்டு, வீசாணம் என்று வெறும் ஆட்டம். குதிக்கால் கன்றிப்போய், சப்பாத்துப் போட முடியாமல் செருப்போடு வேலைக்குப் போனேன். சித்திரை வருசத்துக்குப் பிறகு 10 நாள் போகாமலே விட்டேன். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியது பொய். யாரும் தேடி வரவில்லை, அதுதான் சுட்டது. ஓர் இரவு முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருக்க, மத்தளச் சத்தம் காற்றில் வந்தது. படுத்தபடியே கால் தாளம் போட்டது. எழுந்து போனேன். அண்ணாவியார் காய்ச்சலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு ஒரு மணித்தியாலம் தனியாக ஆடவைத்தார்.

கிழமைக்கு ஒருநாள் களரியில் ஆடிப் பழகும் கிழமைக்கூத்து தொடங்கியது. மற்ற நாட்களில் வீட்டு முற்றத்தில் பழகுவேன்; அரிசி புடைத்தபடி அம்மா இருப்பார். சதங்கை அணிந்த இரவுதான் ஒன்று விளங்கியது. சதங்கை கட்டினால் காலின் பிழை ஊருக்கே கேட்கும். இத்தனை மாதம் அதைத் தொடவிடாதது அதனால்தான் போல.

ஆவணியில் அரங்கேற்றம், விடிய விடிய. என் ஆறாவது பாட்டு வரும்போது சாமம் தாண்டிவிட்டது. முதல் அடியே மறந்துபோயிற்று. ஆனால் கால் நிற்கவில்லை. அண்ணாவியார் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு மத்தளத்தை விடாமல் இன்னொரு வட்டம் அடித்தார், பிறகு இன்னொன்று. அது முடிகிற இடத்தில் பாட்டு தானாக வாயில் வந்து விழுந்தது. அதுவும் ஆட்டம்தான் என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

விடிந்து வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணியை நீட்டியபடி அம்மா கேட்டார்: "ஆறாவது பாட்டுக்கு முதல் ஏன் மனே ரெண்டு வட்டம் கூட ஆடின?"