சளியோடு சங்கு குளிக்கப் போகாதீங்க

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிக்கிற தம்பிமாரே, மூக்கடைப்போடு முங்க வேண்டாம். கன்னத்துக்குள் இருக்கும் காற்றறைதான் கன்ன சைனஸ். அதன் வாசல் மூக்குப் பக்க உட்சுவரின் உச்சியில் இருக்கு, அகலம் சில மில்லிமீட்டர்தான். சளியில் அது அடைபட்டால், 10 மீட்டர் ஆழத்தில் இரட்டிப்பாகும் அழுத்தத்துக்கு உள்காற்று ஈடுகொடுக்காது. சவ்வு வீங்கி ரத்தம் கசியும்.

சைனஸின் மேல்சுவர்தான் கண்குழியின் தரை. அதில் ஓடும் நரம்பு அழுந்தினால் கன்னமும் மேலுதடும் மரத்துப்போகும். கீழ்ச்சுவரை ஒட்டிக் கடைவாய்ப்பல் வேர்கள். சைனஸ் வலி பல்வலியாகத் தெரியும், அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கிடாதீங்க!

எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் மெல்லிய சுவர் சரியாகத் தெரியாது. தேவைப்பட்டால் டாக்டர் சிடி ஸ்கேன் எழுதுவார். 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த தடிமனில் படத் துண்டுகள், எலும்பு விண்டோ (எலும்பு தெளிவாகத் தெரியும் பட அமைப்பு), கொரோனல் வெட்டு (முகத்தை முன்னிருந்து பார்ப்பது போன்ற வெட்டுப்படம்) கட்டாயம். சுவர் தடித்திருந்தால் பெரும்பாலும் நாள்பட்ட அழற்சி. அரித்திருந்தால் பூஞ்சையா, கட்டியா என்று உடனே பார்க்கணும். அதுக்கு எம்ஆர்ஐயும் வேண்டிவரும்.