நாசாவுக்கு முன் மாநிலம்: ஒரு எப்ஸ்கார் நாட்குறிப்பு

ஜனவரி 6

கென்டக்கி. நாசா எப்ஸ்கார் ஆய்வு நிதிக்கான மாநிலச் சுற்றுக்கு ஆயத்தம் தொடங்கியாச்சு. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. அமெரிக்காவில் ஃபெடரல் ஆய்வுப் பணம் கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் மாதிரி சில இடங்களிலேயே குவிகிறது. அதில் பங்கு குறைந்த மாநிலங்களுக்கென்று ஒதுக்கியதுதான் எப்ஸ்கார். தேசிய அறிவியல் நிறுவனம் முதலில் ஆரம்பித்தது. நாசாவுக்கான தனித் திட்டம் 1992-ல் நிறைவேறிய சட்டத்தில் வந்தது. 25 மாநிலங்களும் போர்ட்டோ ரிகோ, குவாம், வர்ஜின் தீவுகளும் பட்டியலில் உள்ளன.

பலருக்குத் தெரியாத விஷயம், நாசாவுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது என்பது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் எப்ஸ்கார் இயக்குநர் உண்டு. பெரும்பாலும் ஸ்பேஸ் கிராண்டையும் (நாசா பணத்தில் மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் மாநிலப் பல்கலைக் கூட்டமைப்பு) அவரே பார்ப்பார். பெரிய ஆய்வு நிதிக்கு ஒரு மாநிலத்திலிருந்து இத்தனைதான் என்று வரம்பு வைப்பார்கள், பல ஆண்டுகளில் அது ஒன்றே ஒன்று. அதனால் உண்மையான போட்டி வாஷிங்டனில் நடப்பதில்லை. லெக்சிங்டன், லூயிவில், பவுலிங் கிரீன் என்று பக்கத்து ஊர்ப் பல்கலைகளுக்கு இடையில் நடக்கிறது.

ஜனவரி 9

இரண்டு நிதிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆய்வு நிதி என்பது மூன்று ஆண்டுகளுக்கு 7,50,000 டாலர் வரை. ஆர்-3 எனப்படும் விரைவு நிதி ஓராண்டுக்கு 1,00,000 டாலர். முந்தைய அறிவிப்புகளில் முதலாவதற்கு, கேட்கும் தொகையில் 50 சதவீதத்தை மாநிலத் தரப்பு பங்காகக் காட்ட வேண்டியிருந்தது. ஆர்-3-க்கு அது இல்லை. புதிய அறிவிப்பு வந்த அன்றே இந்தப் பத்தியை வரிக்கு வரி படித்துவிட வேண்டும்.

ஆர்-3-ல் தலைப்பு நம் கையில் இல்லை. நாசா மையங்கள் தங்களுக்கு வேண்டியவற்றைப் பின்னிணைப்பாகத் தருகின்றன, தொடர்புக்கு ஆளையும் போடுகின்றன. கையில் இருக்கும் பழைய ப்ரொபோசலை அந்தத் தலைப்புக்குள் திணித்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஜனவரி 15

தலைப்பு முடிவானது: விண்கலத்தின் வெப்பக் கவசத்துக்குள் பதிக்கும் வெப்பமானிகளின் பிழை. கென்டக்கிக்கு இதில் தடம் இருக்கிறது. கென்டக்கி பல்கலையின் கிரெப் சோதனையில் சிறு கலன்கள் சிக்னஸ் சரக்குக் கலத்துக்குள் இருந்தபடியே வளிமண்டலத்தில் மறுநுழைவைத் தொடங்கி, அது சிதைந்ததும் வெளியே வந்தன. 2021 டிசம்பரில் முதல் முறை, 2024 ஜூலையில் இரண்டாம் முறை. கலன்களை மீட்கவே தேவையில்லை. தரவு இரிடியம் செயற்கைக்கோள் வழியாக வந்தது. எப்ஸ்கார் பணம் எந்த இடத்தில் பயன்படும் என்பதற்கு நல்ல உதாரணம். ஆனால் அந்தப் பெயரைப் ப்ரொபோசலில் எழுதிவிட்டால் பலம் வந்துவிடாது. அதில் இல்லாத எதை நாம் அளக்கப் போகிறோம் என்பதற்கு அடுத்த வரியிலேயே பதில் இருக்க வேண்டும்.

ஜனவரி 22

நாசா தொடர்பு. இதை முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். தாமதமானதற்கு வழக்கமான காரணம்தான்: ‘அறிவியல் பகுதியை முடித்துவிட்டு மெயில் போடலாம்’ என்ற நினைப்பு. தலைகீழ் வேலை அது.

மையத்து ஆய்வாளருக்கு அனுப்பும் முதல் மெயிலில் ஆறு வரிக்கு மேல் வேண்டாம். எந்தக் கருத்துச் சிக்கல், அதை இப்போது அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நாம் புரிந்துகொண்டிருக்கிறோம், நாம் தரும் தரவு அவர்களின் எந்தக் கணிப்பு நிரலில் போய்ச் சேரும், எத்தனை மணி நேரம் கேட்கிறோம். பேராசிரியரின் பட்டங்களும் விருதுகளும் பின்னிணைப்பில் இருக்கட்டும்.

கடிதம் பற்றி. ‘இது மிகச் சுவாரசியமான ஆய்வு, வாழ்த்துகள்’ வகைக் கடிதத்தை நாசாவின் வழிகாட்டி விதிகள் ஏற்பதில்லை. ஏற்பது வளத்தை உறுதி செய்யும் கடிதத்தை. ‘மாதம் ஒரு முறை கூட்டத்தில் கலந்துகொள்வேன், எங்களிடம் உள்ள மாதிரித் துண்டுகளில் இத்தனை தருவேன், வரும் தரவை எங்கள் கணிப்பு நிரலோடு ஒப்பிடுவேன்’ என்று எழுதி வாங்க வேண்டும். மைய ஊழியரின் சம்பளத்தை நம் பட்ஜெட்டில் போட முடியாது, அதனால் அவர் தரும் நேரம் அவருடைய மேலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒப்புதலுக்கே இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும்.

ஜனவரி 30

அறிவியல் பகுதி, முதல் வரைவு. நோக்கம் என்ற இடத்தில் ‘பிகா பொருளில் வெப்பக் கடத்தலை ஆராய்வோம்’ என்று இருந்தது. அடித்தாச்சு. பிகா என்பது ஃபீனாலிக் பிசின் ஊறிய கரியிழைப் பொருள், கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.27 கிராம். ஸ்டார்டஸ்ட் கலனை 2006 ஜனவரியில், நொடிக்கு 12.9 கிலோமீட்டர் வேகத்தில், பத்திரமாக இறக்கியது இதுதான். இதை ஆராயாதவர் யார்?

சிக்கலை எழுத வேண்டிய விதம் வேறு. கவசத்துப் பொருள் வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும். அதற்குள் வைக்கும் வெப்பமானியின் உலோகக் கம்பி பல மடங்கு அதிகம் கடத்தும். கம்பியை மேற்பரப்புக்குச் செங்குத்தாக இறக்கினால், முனையில் உள்ள சூட்டைக் கம்பியே உறிஞ்சிக் கீழே கொண்டுபோகிறது. அளவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால்தான் முனைக்கு இரு புறமும் கொஞ்ச நீளத்தை மேற்பரப்புக்கு இணையாக, ஒரே வெப்பநிலைத் தளத்தில் ஓடவிட்டு, பிறகு கீழே திருப்புகிறார்கள். அந்த இணை நீளம் எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் பிழை ஏற்கத்தக்க அளவுக்கு வரும்? கம்பித் தடிமன் மாறினால்? கே வகைக் கம்பி சுமார் 1,370 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். அதற்கு மேலே பிளாட்டினம்-ரோடியம் போட வேண்டும், கடத்தும் திறனும் மாறும்.

இப்போது நோக்கம் தானாக வந்துவிட்டது: மூன்று ஆழம், இரண்டு கம்பி வகை, நான்கு இணை நீளம், ஒவ்வொன்றும் மூன்று முறை. 72 அளவீடு. மதிப்பீட்டாளர் விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம், பட்ஜெட்டோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கலாம்.

பிப்ரவரி 4

ஆர்க் ஜெட், அதாவது மின்வில்லால் சூடாக்கிய வாயுவைப் பாய்ச்சி மறுநுழைவுச் சூட்டை உண்டாக்கும் சோதனைக் கூடம். நாசாவின் லாங்லி மையத்து ஹைமெட்ஸ், ஏம்ஸ் மையத்தின் பெரிய கூடங்கள் என்று பெயர் போடுவது சுலபம். நேரம் யார் தருவார், கட்டணம் யார் கட்டுவார் என்று எழுதாவிட்டால் மதிப்பீட்டாளர் அந்த இடத்தில்தான் பேனாவை வைப்பார். முடிவு: 72 அளவீடும் பல்கலையிலேயே, ஆக்சி-அசிட்டிலின் சுடரில். மையத்தில் நான்கு மாதிரிகள் மட்டும், கடிதத்தில் உறுதி தந்த அளவுக்கு. அந்த நான்கும் கிடைக்காமல் போனால் என்ன என்பதற்கு இரண்டு வாக்கியம்.

பிப்ரவரி 11

பட்ஜெட். நாம் எழுதுவது பெரிய நிதிக்கு, ஆனாலும் 1,00,000 டாலர் வரம்புள்ள ஆர்-3-க்கு மாதிரிக் கணக்கு ஒன்றை முழுதாக இங்கே போடுகிறேன், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

முனைவர் பட்ட மாணவர் உதவித்தொகை 28,000 டாலர், அதற்கான சலுகைச் செலவு (காப்பீடு போன்றவை) 10 சதவீதம் 2,800. பேராசிரியருக்குக் கோடையில் ஒரு மாதம் 10,000, சலுகை 30 சதவீதம் 3,000. பொருட்கள் 9,000. மையத்துக்குப் பயணம் 3,000. கூட்டினால் 55,800. ஓவர்ஹெட், அதாவது பல்கலையின் பொது நிர்வாகச் செலவுக்கான பங்கு, 45 சதவீதம் என்று வைத்தால் 25,110. மாணவரின் டியூஷன் 12,000, இதற்கு ஓவர்ஹெட் கிடையாது. மொத்தம் 92,910. மீதி 7,090.

ஆஹா, 7,000 டாலரில் அந்தத் தரவுப் பதிவுக் கருவியை வாங்கிவிடலாம் என்று தோன்றும். முன்பு சரியாக இருந்தது. 5,000 டாலருக்கு மேற்பட்டது ‘கருவி’, அதற்கு ஓவர்ஹெட் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஃபெடரல் விதித் திருத்தம் அந்த வரம்பை 10,000 ஆக்கிவிட்டது. உங்கள் பல்கலை புதிய வரம்புக்கு மாறியிருந்தால் 7,000 டாலர் கருவி வெறும் ‘பொருள்’. அதன் மேல் 3,150 ஓவர்ஹெட் ஏறும். மொத்தம் 1,03,060. உச்சவரம்பு தாண்டியாச்சு. மீதி 7,090-ஐ 1.45-ஆல் வகுத்தால் 4,889 டாலர், வாங்க முடிவது அவ்வளவுதான். விலை குறைக்க முடியாவிட்டால் கருவியை வாடகைக்கு எடுங்கள், அல்லது பொருட்கள் வரியில் கைவையுங்கள்.

அதே திருத்தத்தில் இன்னொன்று: ஆய்வில் ஒரு பகுதியைச் செய்துதரும் துணைப் பல்கலைக்குத் தரும் தொகையில் முன்பு முதல் 25,000-க்கு மட்டும் ஓவர்ஹெட். பல்கலை புதிய வரம்புக்கு மாறியிருந்தால் இப்போது முதல் 50,000-க்கு. இரண்டு துணைப் பல்கலை வைத்திருப்பவர்கள் பழைய எக்செல் கோப்பைத் திறக்கவே வேண்டாம்.

மேசைக் கணினி, அறைகலன் மாதிரியான பொதுச் சாமான்களை எழுதாதீர்கள், எப்ஸ்காரில் அவற்றுக்கு இடமில்லை.

பிப்ரவரி 18

பெரிய நிதிக்கான பங்குத் தொகை, முந்தைய அறிவிப்புகளின் கணக்கில். 7,50,000-க்குப் பாதி 3,75,000, ஆண்டுக்கு 1,25,000. இதைக் கேட்டதும் துறைத் தலைவர்கள் பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். முழுவதும் ரொக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதச் சம்பளம் 1,10,000 வாங்கும் பேராசிரியர் 10 சதவீத நேரம் தந்தால் 11,000, சலுகையோடு 14,300, அதற்கான ஓவர்ஹெட்டோடு 20,735. மூன்று பேர் என்றால் 62,205. பல்கலை தள்ளுபடி செய்யும் டியூஷன் இரு மாணவருக்கு 30,000. ஆக 92,205. இன்னும் 32,795-க்குத்தான் மாநிலப் பணமோ ஆய்வுத் துணைத்தலைவரின் நிதியோ வேண்டும்.

எவை கூடாது என்பது முக்கியம். வேறொரு ஃபெடரல் நிதியிலிருந்து வரும் சம்பளத்தைக் காட்ட முடியாது. போன வருடம் வாங்கிய லேசரின் முழு விலையைக் காட்ட முடியாது. ஒரே 10 சதவீத நேரத்தை இரண்டு ப்ரொபோசலில் பங்காகக் காட்டினால் தணிக்கையில் மாட்டும். அப்போது பணத்தைத் திருப்பிக் கட்டுவது பல்கலை. எழுதிக்கொடுத்த பங்கு விருது வந்த பிறகு கட்டாயம் ஆகிவிடும், ஆகவே தாராளம் காட்டி 60 சதவீதம் என்று எழுத வேண்டாம்.

பிப்ரவரி 24

மாணவர்கள் பற்றி, தமிழ்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால். ஸ்பேஸ் கிராண்ட் உதவித்தொகை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எப்ஸ்கார் ஆய்வு நிதியின் கணக்கு வேறு, அந்தந்த அறிவிப்பின் வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும். மையத்துக்கு நேரில் போக வெளிநாட்டவருக்கு முன் அனுமதி தேவை, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். எனவே பயணத்தை முதல் மாதத்தில் போடாதீர்கள். 2011 முதல் உள்ள சட்டத் தடையின்படி நாசா பணத்தில் சீனாவோடோ சீன நிறுவனங்களோடோ இருதரப்பு ஒத்துழைப்பு கூடாது. இதற்கு உறுதிமொழி தர வேண்டும். கருவி எங்கே தயாரானது என்பதைப் பற்றி ஆய்வு அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

மார்ச் 3

மாநிலச் சுற்றுக்கான சுருக்க வரைவு தயார். முந்தைய ஆய்வு நிதி அறிவிப்புகளில் மதிப்பெண் பிரிப்பு: அறிவியல் தகுதி 35, நாசாவோடு பொருத்தமும் கூட்டும் 35, மேலாண்மை 20, பட்ஜெட் 10. முதல் இரண்டும் சமம் என்பதைக் கவனியுங்கள். நம் வரைவில் அறிவியலுக்கு நான்கு பக்கம், நாசா பொருத்தத்துக்கு ஒன்றேகால் பத்தி. பொறியியல் துறையில் எல்லா வரைவும் இப்படித்தான் பிறக்கின்றன. ஒரு பக்கம் வெட்டி இங்கே மாற்றியாச்சு. தகவல் புதிதில்லை, கடிதத்தில் இருந்ததை உள்ளே கொண்டுவந்தோம்.

மார்ச் 12

மாநிலச் சுற்றைத் தாண்டினால் அடுத்தது என்ஸ்பயர்ஸ், நாசாவுக்கு ப்ரொபோசல் அனுப்பும் இணையதளம். எப்ஸ்காரில் பி.ஐ. (முதன்மை ஆய்வாளர்) என்று பதிவாவது மாநில இயக்குநர். ஆய்வைச் செய்யும் பேராசிரியர் அறிவியல் பொறுப்பாளராகத்தான் வருவார். இதில் மனவருத்தம் கொள்பவர்கள் உண்டு, பதவி உயர்வுக் கோப்புக்கு எப்படி எழுதுவது என்று டீனிடம் முன்பே கேட்டுவைக்கலாம்.

குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தன் கணக்கில் நுழைந்து பங்கேற்பை உறுதி செய்ய வேண்டும், எந்த நிறுவனம் சார்பில் என்பதையும் சேர்த்து. வேறு யாரும் அதைச் செய்துதர முடியாது. கடைசி நாளில் ஒருவர் விமானத்தில் இருப்பார். இறுதியாக அனுப்பும் பொத்தான் நிறுவனத்தின் அதிகாரபூர்வ பிரதிநிதியிடம், நம்மிடம் இல்லை. பல்கலைகள் உள் கெடுவாக ஐந்து வேலை நாள் கேட்கும். சாம் எனப்படும், ஃபெடரல் நிதி பெறும் நிறுவனங்களுக்கான பதிவு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, துணைப் பல்கலையுடையதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

கெடு இரவு 11:59, கிழக்கு நேரம். கென்டக்கியின் மேற்குப் பகுதி மத்திய நேரத்தில் ஓடுகிறது. பவுலிங் கிரீனில் அது 10:59.

மார்ச் 19

பக்க விதி: தாளின் நான்கு ஓரத்திலும் ஓர் அங்குல இடைவெளி, படங்களுக்குள் உள்ள எழுத்தும் படிக்கக்கூடிய அளவில். அறிவியல் பகுதி 15 பக்கம். பி.ஐ. தன்விவரம் இரண்டு பக்கம், மற்றவர்களுக்கு ஒன்று. ‘நடப்பு, நிலுவை நிதி’ பட்டியலைச் சரிபார்ப்பது எப்போதும் விட்டுப்போகிறது.

தளம் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கித் தரும். அதை இறக்கி, அச்செடுத்து, வேறொருவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். பக்கம் 11, நான்காம் சமன்பாடு: சிக்மா இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம். எழுத்துரு உள்ளே பதியவில்லை. கதிர்வீச்சு இழப்பைச் சொல்லும் சமன்பாடு அது. திரும்ப ஏற்றி, திரும்ப இறக்கி, மாலை நாலரைக்கு அலுவலகத்திடம் ஒப்படைப்பு.